படமும் ஓர் அமானிதம்தான்



பதிவு கொஞ்சம் நீளம். பாதி வாசித்துவிட்டுக் கருத்துப் போடாமல் முழுவதையும் வாசியுங்கள். ஏச விரும்புகிறவர்களும் கடைசிவரை வாசித்துவிட்டு ஏசுங்கள்.

இரண்டு வாரமாக நம் பக்கத்து வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு கேள்வி ஓடுகிறது. சித்திரப் பாடத்தில் பிள்ளைகளுக்கு ஓர் ஓவியம் காட்டப்பட்டது. குத்துச்சண்டை வீரர் முகம்மது அலி, இரண்டு முஷ்டியையும் தூக்கிக்கொண்டு நேரே நம்மைப் பார்க்கிற ஓவியம். பிள்ளைகளுக்கு நன்றாகப் பிடித்துப்போனது. வரைந்தவர் அமெரிக்க ஓவியர் அன்டி வோர்ஹோல். ஒரு பிள்ளை வீட்டுக்குப் போய் அந்தப் பெயரைப் போனில் தேடியிருக்கிறது. அவர் ஆண்களை விரும்பிய ஆண் என்று வந்திருக்கிறது. அடுத்த நாள் காலையில் வொயிஸ் மெசேஜ்: "பள்ளிக்கூடத்தில் இதைத்தானா படிப்பிக்கிறீர்கள்?"

பெற்றோர் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். பதில் சொல்வது எங்கள் கடமை. ஆனால் அதே குரூப்களில், அதே கிழமையில் இன்னொரு படமும் ஓடியது. அது ஓவியம் இல்லை. நம் ஊர்ப் பையன் ஒருவனுடைய போட்டோ. அதைப் பற்றி ஒருவரும் கேள்வி கேட்கவில்லை, அனுப்பத்தான் செய்தார்கள். இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசத்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் அலியின் படம்.

1977 ஓகஸ்டில் வோர்ஹோல், பென்சில்வேனியா மாநிலத்தில் டியர் லேக் என்ற இடத்திலிருந்த அலியின் பயிற்சி முகாமுக்குப் போனார். ரிச்சட் வைஸ்மன் என்ற செல்வந்தர், பத்து விளையாட்டு வீரர்களை வரைந்து தரும்படி அவரிடம் கேட்டிருந்தார். அலியும் பேலேயும் அந்தப் பத்தில் இருந்தார்கள். இஸ்லாத்தைத் தழுவிய கூடைப்பந்து வீரர் கரீம் அப்துல் ஜப்பாரும் இருந்தார். அலியைப் பற்றி நம் ஊருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வியட்நாம் போருக்குப் போகமாட்டேன் என்று 1967இல் மறுத்து, அதற்காகச் சம்பியன் பட்டத்தையே பறிகொடுத்தவர். எங்கள் வாப்பாமார் வீட்டுப் பிள்ளையைப் போல அவர் பெயரைச் சொல்வார்கள்.

வோர்ஹோல் தூரிகையோடு போகவில்லை. 'பிக் ஷொட்' என்ற பொலரொய்ட் கெமராவோடு போனார். பிளாஸ்டிக் பெட்டி, 20 டொலருக்குள் விலை. அதில் குவியத்தை மாற்ற முடியாது. ஏறக்குறைய ஒரு மீட்டர் தூரத்தில் நின்றால்தான் முகம் தெளிவாக விழும். ஆகவே படம் எடுப்பவர்தான் முன்னுக்கும் பின்னுக்கும் நகர வேண்டும். உலகத்தின் பெரிய குத்துச்சண்டை வீரருக்கு முன்னால், ஒரு கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றுதான் அவர் அந்தப் படங்களை எடுத்தார்.

பிறகு என்ன செய்தார் என்பது நம்மவர்களுக்கு எளிதில் விளங்கும். கல்யாணக் கார்ட்டுக்கும் விளையாட்டுப் போட்டி டீசேர்ட்டுக்கும் ஸ்கிரீன் பிரிண்ட் அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே முறைதான். எடுத்த பொலரொய்ட்களில் ஒன்றைத் தெரிவு செய்து, அதைத் திரும்பப் படம்பிடித்துப் பெருப்பித்து, கண்ணாடி போன்ற பிலிம் தாளில் பதித்து, அதிலிருந்து பட்டுத்துணிச் சட்டம் செய்வார்கள். கென்வஸ் துணியில் முதலில் கையால் நிறம் பூசி, அதற்கு மேல் சட்டத்தை வைத்து மையை இழுத்தால் முகம் வந்து உட்காரும். 1970களில் அவர் செய்த உருவப்படங்களில் பெரும்பாலானவை இப்படிப் பிறந்தவை. சித்திர வகுப்பில் பிள்ளைகள் படித்தது இந்த வேலைமுறையைத்தான். சோதனைக்கும் அதுதான் தேவை.

இனி, அவர் ஏன் பொலரொய்ட்டைப் பிடித்துக்கொண்டார் என்பதற்கு வருவோம். வேகம், மலிவு, கூர்மையான வெளிச்சத்தில் முகத்துச் சுருக்கம் மறைவது என்று பல காரணம் சொல்வார்கள். எல்லாம் சரிதான். ஆனால் அந்தக் கெமராவுக்கு இன்னொரு குணம் இருந்தது. அவரைப் போன்றவர்களுக்கு அதுதான் பெரிது.

பொலரொய்ட்டைக் கண்டுபிடித்த எட்வின் லேண்ட், 1943இல் விடுமுறை ஒன்றில் மகளைப் படம் எடுத்தார். "ஏன் இப்போதே பார்க்க முடியாது?" என்று மகள் கேட்டாள். சின்னப் பிள்ளையின் கேள்வியிலிருந்துதான் வேலை தொடங்கியது. 1947 பெப்ரவரியில் நியூயோர்க்கில் செய்து காட்டினார். 1948 நவம்பரில் பொஸ்டன் நகரக் கடையொன்றில் முதல் கெமரா விற்பனைக்கு வந்தது. இரண்டு தாள்களுக்கு நடுவில் இரசாயனப் பசை கொண்ட சிறு பை இருக்கும். தாளை வெளியே இழுக்கும்போது உருளைகள் அந்தப் பையை நசுக்கிப் பசையைப் பரப்பும். ஒரு நிமிடம் பொறுத்து மேல்தாளை உரித்தால் படம் தயார். ஸ்டூடியோ வேண்டாம், இருட்டறை வேண்டாம். முக்கியமாக, கழுவிக் கொடுக்கிற மூன்றாம் ஆள் வேண்டாம். எடுத்தவரும் எடுக்கப்பட்டவரும் மட்டும்தான் பார்த்திருப்பார்கள். பிரதியும் ஒன்றே ஒன்று.

இந்த மூன்றாம் ஆள் எவ்வளவு பெரிய விசயம் என்பதற்கு ஒரு சம்பவம். 1957இல் பிலடெல்பியா நகரத்தில் இரண்டு ஆண்கள் தங்களுக்குள் ஒரு திருமணச் சடங்கு வைத்துக்கொண்டார்கள். சிநேகிதர்கள் நாலு பேர், ஒரு கேக், பூங்கொத்து. படச்சுருளைக் கழுவ ஒரு போட்டோக் கடையில் கொடுத்தார்கள். கடையை நடத்தியவருக்கு அந்தப் படங்கள் பிடிக்கவில்லை. திருப்பிக் கொடுக்கவே இல்லை. பல பத்தாண்டுகள் கழித்து அந்தப் பிரிண்டுகள் வெளியே வந்து, அமெரிக்க ஆவணக் காப்பகங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த இருவரும் யாரென்று பிறகு ஆய்வாளர்கள் தேடித் திரிந்தார்கள். அந்தச் சடங்கை நாம் ஏற்கிறோமா என்பது வேறு பேச்சு. கடைக்காரர் செய்தது என்ன? தன்னிடம் வேலைக்கு ஒப்படைத்த பொருளைத் திறந்து பார்த்தார், தீர்ப்புச் சொன்னார், உரியவரிடம் கொடுக்காமல் வைத்துக்கொண்டார். நம் பாசையில் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது: அமானித மோசடி.

அன்றைக்கு அங்கே சட்டமும் அப்படித்தான் இருந்தது. நியூயோர்க் மாநிலத்தில் ஆண்களுக்கிடையிலான உறவு 1980 வரை சட்டப்படி குற்றம். வோர்ஹோல் 1950களில் ஆண்களை வரைந்த கோட்டோவியங்களை ஒரு காட்சிக்கூடம் வைக்க மறுத்தது. ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போன, தொழுகைப் பழக்கமுள்ள கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை அவர். தன் ஆட்களை எப்படிப் படம் எடுப்பது, யார் கண்ணிலும் படாமல் எப்படி வைத்திருப்பது என்று யோசித்தவருக்கு, உரித்தவுடன் படம் தருகிற அந்தப் பெட்டி ஒரு கதவுள்ள வீடு மாதிரி. அதே 1977இல் உடல்களை வைத்தும் அவர் ஒரு தொகுதி செய்தார். அதற்கும் மூலம் பொலரொய்ட்தான். அதை நாங்கள் எந்த வகுப்புக்கும் கொண்டுபோகவில்லை, கொண்டுபோகவும் மாட்டோம். ஆனால் எது இருந்ததோ அதை இல்லை என்றும் சொல்லமாட்டோம்.

ஒரே பிரதி என்பதன் அருமை நமக்குத் தெரியாததா?

நம் ஊரில் கல்யாணப் பேச்சுக்குப் பெண்ணின் போட்டோ எப்படிப் போகும்? கவருக்குள் வைத்து, தரகர் கையிலோ மாமியின் கையிலோ. மாப்பிள்ளை வீட்டில் நாலு பேர் பார்ப்பார்கள். சரிவராவிட்டால் அதே கவரில் திரும்பி வரும். திரும்பி வராவிட்டால் வாப்பா போய்க் கேட்டு வாங்கி வருவார். போட்டோவை வைத்துக்கொண்டவனை ஊர் மனிதனாக மதிக்காது. யாரும் எழுதி வைக்காத சட்டம் அது. உம்மாமார் அதைக் காத்தார்கள். பெண்ணின் முகம் அவளுடையது, பார்க்கக் கொடுத்ததால் அது உன்னுடையது ஆகிவிடாது என்ற விளக்கம் நம்மிடம் எப்போதோ இருந்தது.

படம் தொலைவதன் வலியும் இந்தக் கரைக்குத் தெரியும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து துரத்தப்பட்டு, கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் வந்திறங்கிய குடும்பங்கள் எத்தனை. யாழ்ப்பாணத்தில் வீட்டை விட்டுப் போக இரண்டு மணித்தியாலம்தான் கொடுத்தார்கள். அல்பம் எடுக்க யாருக்கு நேரம்? மௌத்தான வாப்பாவின் ஒரு படம்கூட இல்லாத வீடுகள் நம்மிடையே இன்றும் இருக்கின்றன. ஒரு துண்டுக் காகிதம் எவ்வளவு பாரம் என்று அவர்களைக் கேளுங்கள்.

இதுவரை எழுதியதை வைத்து, இந்த ஓவியரை நாங்கள் வலியாக்கப் போகிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர் செய்த பிழையும் இந்தப் பாடத்தில் ஒரு பகுதி.

1975இல் ஓர் இத்தாலிய வியாபாரி கேட்டுக்கொண்டபடி 'லேடீஸ் அன்ட் ஜென்டில்மென்' என்ற தொகுதியை வோர்ஹோல் செய்தார். நியூயோர்க்கின் இரவு விடுதிகளிலிருந்து கறுப்பினத்தைச் சேர்ந்தவர்களும் ஸ்பானிய மொழி பேசுகிற குடும்பங்களைச் சேர்ந்தவர்களுமான திருநங்கைகளையும், பெண் வேடமிட்டு ஆடுபவர்களையும் அழைத்து வந்தார்கள். மொத்தம் 14 பேர். 500க்கு மேற்பட்ட பொலரொய்ட்கள் எடுக்கப்பட்டன. அவற்றிலிருந்து நூற்றுக்கணக்கான ஓவியங்கள் வந்தன. அமர்ந்தவருக்குக் கொடுத்த கூலி 50 டொலர். அதே காலத்தில் பணக்காரர் ஒருவர் தன் முகத்தை வரையச் சொன்னால், முதல் கென்வஸுக்கு வோர்ஹோல் வாங்கியது 25,000 டொலர். இத்தாலியின் பெராரா நகரில் அந்த ஓவியங்கள் சுவரில் தொங்கியபோது அமர்ந்தவர்களின் பெயர்கள் இல்லை. தங்கள் மக்களின் உரிமைக்காக நியூயோர்க் தெருக்களில் நின்ற மார்ஷா பி. ஜோன்சன் அவர்களில் ஒருவர். அவரும் அங்கே பெயரில்லாத முகம்தான். பல பத்தாண்டுகளுக்குப் பிறகுதான் ஆய்வாளர்கள் பழைய பொலரொய்ட்களையும் பற்றுச்சீட்டுகளையும் வைத்துப் பெரும்பாலானவர்களின் பெயரைக் கண்டுபிடித்தார்கள்.

பாருங்கள், அலிக்குப் பெயர் இருந்தது. பணமுள்ளவர்களுக்குப் பெயர் இருந்தது. ஊர் ஒதுக்கியவர்களுக்கு, தானும் ஒதுக்கப்பட்ட ஓர் ஓவியர்கூடப் பெயரைக் கொடுக்கவில்லை. முகத்தை எடுத்தார்கள், ஆளை விட்டுவிட்டார்கள்.

நம் நாட்டிலும் இதற்குக் கிட்டத்தில் ஒரு கதை உண்டு. கொழும்பு 7இல் லயனல் வென்ட் அரங்கு என்று நாடகம் போடுகிற இடத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் பெயருக்குரியவர் 1900இல் கொழும்பில் பிறந்தவர். சட்டம் படித்தவர், பியானோ வாசித்தவர், இலங்கை தந்த மிகப் பெரிய போட்டோக் கலைஞர்களில் ஒருவர். 1943இல் ஜோர்ஜ் கீற் போன்ற ஓவியர்கள் சேர்ந்து '43 குழு'வைத் தொடங்கியபோது அதற்குத் தூணாக நின்றவர். ஆண்கள் மீது அவருக்கிருந்த ஈர்ப்பைக் கலை வரலாற்றாசிரியர்கள் இன்று வெளிப்படையாக எழுதுகிறார்கள். அவர் காலத்தில் பொலரொய்ட் இல்லை. வசதியுள்ள குடும்பம் என்பதால் தன் படங்களைத் தானே இருட்டறையில் கழுவிக்கொண்டார். அவருக்கும் மூன்றாம் ஆள் தேவைப்படவில்லை. 1944இல் மௌத்தானார். அதன் பிறகு அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. மிஞ்சியது அவர் அடித்து வைத்த பிரிண்டுகள் மட்டும். அந்தப் பிரிண்டுகளில் உழைக்கிற ஆண்கள் நிற்கிறார்கள், அழகாக நிற்கிறார்கள். பெரும்பாலானவர்களின் பெயர் நமக்குத் தெரியாது.

இன்றும் கற்பிட்டிக் கடலில் காற்றோடு விளையாட வருகிற வெளிநாட்டவர்கள், வலை இழுக்கிற நம் நானாமாரைக் கேட்காமல் படம் பிடிக்கிறார்கள். எந்த நாட்டுச் சுவரில் அந்த முகம் தொங்குகிறதோ தெரியாது. நமக்கு அது பிடிக்காது. ஏன் பிடிக்காது? நம்மிடம் கேட்கவில்லை, நம் பெயரைக் கேட்கவில்லை, நமக்குத் தெரியாமல் கொண்டுபோகிறார்கள். இந்த மூன்று காரணத்தையும் மனதில் வைத்துக்கொண்டு, இப்போது அந்த இரண்டாவது படத்துக்கு வாருங்கள்.

அந்தப் பையன் உயர்தரம் படிப்பவன். யாரென்று எழுதமாட்டோம். தெரிந்தவர்களும் கருத்துப் பகுதியில் எழுத வேண்டாம், எழுதினால் அழிப்போம். போன் உடைந்து திருத்தக் கொடுத்திருக்கிறான். திருத்தக் கொடுத்த இடத்தில் யாரோ கெலரியைத் திறந்திருக்கிறார்கள். அவனும் இன்னொரு பையனும் களப்புக் கரையில் தோளில் தலை சாய்த்துக்கொண்டு இருக்கிற ஒரு படம். கீழே ஒரு வரி எழுதியிருந்ததாம். அவ்வளவுதான். அதை யாரோ இன்னொரு போனால் படம் பிடித்து, முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, ஒரு சொல்லையும் எழுதி அனுப்பிவிட்டார்கள். இஷாவுக்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. சவூதியில் வேலை செய்கிற அவனுடைய மாமாவுக்கு ஸுபஹுக்கு முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டது.

பிலடெல்பியாக் கடைக்காரர் செய்ததும் இதுதான். அவராவது படத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். நம்மவர்கள் ஊருக்கெல்லாம் பங்கு வைத்தார்கள்.

பையன் இப்போது பள்ளிக்கூடம் வருவதில்லை. சோதனைக்கு இன்னும் சில மாதம்தான். வீட்டில் வாப்பா பேசுவதில்லை. உம்மா சந்தைக்கு வருவதை நிறுத்திவிட்டார். வகுப்பில் அவன் கதிரை காலியாக இருக்கிறது. அதில் யாரும் உட்காரப் பிள்ளைகள் விடுவதில்லை, ஏதோ தொற்று நோய் மாதிரி. நாங்கள் ஆசிரியர்கள். எங்களுக்கு அந்தக் காலிக் கதிரைதான் கேள்வி. ஓவியர் யாரை விரும்பினார் என்பதைவிட அது அவசரமான கேள்வி.

சிலர் கேட்கிறார்கள்: "அப்படியென்றால் நீங்கள் அந்தக் காரியத்தை ஆதரிக்கிறீர்களா?"

மார்க்கத் தீர்ப்பு உலமாக்களின் வேலை. அதை மாற்ற நாங்கள் வரவில்லை, எங்களுக்கு அந்த இல்மும் இல்லை. நாங்கள் கேட்பது, அதே மார்க்கம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தடுத்த காரியங்களைப் பற்றி. ஸூரா ஹுஜுராத்தில் துருவித் துருவி ஆராய வேண்டாம் என்றும் புறம் பேச வேண்டாம் என்றும் ஒரே ஆயத்தில் வருகிறது. புறம் பேசுவதற்குக் கொடுக்கப்பட்ட உதாரணம் மௌத்தான சகோதரனின் இறைச்சியைத் தின்பது. ஸ்க்ரீன்ஷொட் அனுப்புவதற்கு இதில் விதிவிலக்கு உண்டா? ஒரு முஃமினின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்ற ஹதீஸை மத்ரஸாவில் ஓதாத பிள்ளை நம் ஊரில் உண்டா?

உமர் ரழியல்லாஹு அன்ஹு அவர்களின் சம்பவம் எல்லோருக்கும் தெரியும். இரவில் மதீனாவைச் சுற்றிவரும்போது ஒரு வீட்டிலிருந்து சத்தம் கேட்டது. சுவர் ஏறி உள்ளே பார்த்தார்கள். ஒருவர் மதுவோடு இருந்தார். கண்டித்தபோது அவர் சொன்ன பதில்: நான் ஒரு பாவம் செய்தேன். நீங்கள் துருவிப் பார்த்தீர்கள், வாசலால் வராமல் சுவரால் வந்தீர்கள், ஸலாம் சொல்லி அனுமதி கேட்கவில்லை. ஆக, மூன்று. கலீபாவான உமர் அவரை விட்டுவிட்டுத் திரும்பினார்கள் என்றுதான் சொல்லப்படுகிறது. கெலரிக்கும் சுவர் இருக்கிறது. அந்தச் சுவரில் ஏறியவர்களை நாம் தட்டிக் கேட்கவில்லை. உள்ளே இருந்த பிள்ளையைத்தான் ஊரே சேர்ந்து கேட்கிறது.

இன்னும் சிலர்: "அப்படிப்பட்டவரின் ஓவியத்தைப் பிள்ளைகளுக்கு ஏன் காட்ட வேண்டும்?" என்கிறார்கள்.

படைப்பைப் பார்க்காமல் படைத்தவரைப் பற்றி வதந்தியில் தீர்ப்புச் சொல்வதன் விலையை இந்த மாவட்டம் ஏற்கனவே கொடுத்திருக்கிறது. மதுரங்குளியில் ஆசிரியராக இருந்த கவிஞர் அஹ்னாப் ஜஸீமை 2020 மேயில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். 'நவரசம்' என்ற அவருடைய கவிதைத் தொகுதியைத் தமிழில் ஒழுங்காக வாசிக்காதவர்கள் அதற்குப் பொருள் சொன்னார்கள். ஒன்றரை வருடத்துக்குமேல் உள்ளே இருந்து 2021 டிசம்பரில் பிணையில் வந்தார். 2023 டிசம்பரில் நம் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. இவர் இன்னார், ஆகவே இவர் எழுதியது இப்படித்தான் இருக்கும் என்பதுதான் அவருக்கு எதிராக ஓடிய எண்ணம். அது எவ்வளவு அநியாயம் என்று நாம் அன்றைக்குச் சொன்னோம். இன்னொருவர் விசயத்தில் அதே எண்ணத்தை நாம் தூக்கிக்கொண்டு வந்தால் அன்றைக்குச் சொன்னதற்கு மதிப்பில்லை. வகுப்பில் காட்டியது அலியின் முகம். அந்த முகத்தில் என்ன பிழை என்று யாராவது வந்து காட்டுங்கள், கேட்கிறோம். உருவப்படம் வரையலாமா என்ற கேள்வி வேறு. அது சித்திரப் பாடம் முழுவதற்குமான கேள்வி. அதையும் உலமாக்களோடு உட்கார்ந்து பேசுவோம்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1883இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த தண்டனைச் சட்டக் கோவையின் 365, 365அ பிரிவுகளை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது இல்லை என்று உயர் நீதிமன்றம் 2023 மேயில் சொன்னது. அதை வைத்து நாடு முழுக்கச் சண்டை நடக்கிறது. சண்டை நடக்கட்டும். ஆனால் நம் ஊரில் ஒரு பிள்ளையின் கெலரியைத் திறந்து பார்த்து, வட்டம் போட்டு அனுப்புகிற அதிகாரத்தை எந்தச் சட்டமும் யாருக்கும் கொடுக்கவில்லை. பழைய சட்டமும் கொடுக்கவில்லை, புதியதும் கொடுக்காது.

பொலரொய்ட் காலத்தில் ஒரு படத்தைப் பரப்ப வேண்டுமென்றால் மெனக்கெட வேண்டும். வோர்ஹோலே அதைத் திரும்பப் படம்பிடித்து, சட்டம் செய்து, மை பூசித்தான் பெருக்கினார். யோசிக்க நேரம் இருந்தது. அமர்ந்தவரும் ஒரு நிமிடத்தில் படத்தைப் பார்த்துவிடுவார், வேண்டாம் என்றால் அங்கேயே சொல்லலாம். நம் கையிலுள்ள போன் அந்த ஒரு நிமிடத்தையும் எடுத்துவிட்டது. விரல் பட்டால் இருநூறு பேருக்குப் போகிறது. கெமரா தடுத்து நிறுத்தாத இடத்தில் நாம்தான் நம்மைத் தடுக்க வேண்டும்.

ஆகவே, உறவுகளே, எங்கள் கோரிக்கைகள் இவை.

அந்தப் படம் உங்கள் போனில் இருந்தால் இப்போதே அழியுங்கள். யாருக்கு அனுப்பினீர்களோ அவரிடமும் அழிக்கச் சொல்லுங்கள். குரூப் அட்மின்மார் பழைய மெசேஜைத் தேடி எடுத்துவிடுங்கள்.

போன் திருத்துகிற தம்பிமாருக்கு: உங்களிடம் தருவது உடைந்த கண்ணாடியை. கெலரியைத் தரவில்லை. "உங்கள் படங்களைத் திறக்கமாட்டோம்" என்று கடையில் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். ஊர் உங்களை நம்பும், வியாபாரத்துக்கும் நல்லது.

பள்ளிக்கூடங்களுக்கு: பிள்ளையிடமிருந்து போனைப் பறித்தால் அணைத்து, கவரில் இட்டு ஒட்டி, பெற்றோர் கையில் கொடுப்போம். திறந்து பார்க்கும் வேலை நம்முடையது இல்லை. இதை ஆசிரியர் கூட்டத்தில் தீர்மானமாகவே கொண்டுவரப் போகிறோம்.

பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு: ஒரு ஜும்ஆக் குத்பாவை அமானிதத்துக்கும் துருவிப் பார்ப்பதற்கும் ஒதுக்குங்கள். பெயர் சொல்ல வேண்டாம், ஜாடையும் வேண்டாம்.

பெற்றோருக்கு: உங்கள் பிள்ளையின் படத்தை யாராவது வைத்துக்கொண்டு மிரட்டினால் பிள்ளையை அடிக்காதீர்கள். 18 வயதுக்குக் கீழென்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929க்கு அழையுங்கள். பிள்ளை முதலில் வந்து சொல்லக்கூடிய ஆள் நீங்களாக இருக்க வேண்டும். சொல்ல யாருமில்லாத பிள்ளைகள் என்ன செய்துகொள்கிறார்கள் என்று நாம் பத்திரிகையில் பார்க்காமல் இல்லை.

மாணவர்களுக்கு: அந்தக் கதிரையைத் துடைத்து வையுங்கள். அவன் வந்தால் பழைய மாதிரிப் பேசுங்கள். கணித நோட்டைக் கொண்டுபோய்க் கொடுங்கள், பல பாடம் விடுபட்டிருக்கிறது. படத்திலிருந்த மற்றப் பையனுக்கும் இதே மாதிரி.

கடைசியாக எல்லோருக்கும். அவனுடைய உம்மாவை வழியில் கண்டால் ஸலாம் சொல்லுங்கள். சுகம் கேளுங்கள். வேறெதுவும் கேட்காதீர்கள்.

வஸ்ஸலாம்.